ஜிபார்ட்டெட் 1.x: சர்வர் டிஸ்க்கைப் பிரிக்க இனியும் காசு கட்டணுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். உங்களிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ சர்வர், அதில் சி டிரைவ் நிறைந்துபோய் டி டிரைவ் காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான் பிரச்சினை என்றால், "சர்வர் எடிஷன்" என்று தனி விலை போட்டு விற்கும் பார்ட்டிஷன் மென்பொருளை (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது) வாங்க வேண்டாம். ஜிபார்ட்டெட் லைவ் என்ற இலவச மென்பொருளின் இப்போதைய 1.x வரிசை அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் சர்வரைச் சில மணி நேரம் நிறுத்த உங்களுக்கு அனுமதி வேண்டும், நல்ல யுபிஎஸ் வேண்டும், முழு பேக்கப் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் உங்களைக் காப்பாற்றாது.

இனி விவரம். நான் பார்ப்பது சென்னையில் பாரிமுனையில் ஆரம்பித்து ராயபுரம், தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர், மணலி வரைக்கும் உள்ள சின்ன அலுவலகங்களின் சர்வர் பராமரிப்பு. தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிக்கு மாடி கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் இருக்கும். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைகள், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போனால் கன்டெய்னர் யார்டுகள், லாரி புக்கிங் ஆபீஸ்கள். இவர்கள் யாருக்கும் தனியாக ஐடி டிபார்ட்மென்ட் கிடையாது. ஒரு டவர் சர்வர், அதில் இரண்டு டிஸ்க் மிரர் போட்டிருக்கும், விற்றவர் முதல் நாள் சி-க்கு நூறு ஜிபி, மிச்சமெல்லாம் டி-க்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சில வருடம் ஓடும். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டின் மிச்சங்கள் சேரும், எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை யாராவது நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி சி-யிலேயே போட்டிருப்பார்கள், டேலியின் டேட்டா ஃபோல்டரை மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஒருநாள் சி டிரைவ் சிவப்பாகும். அன்றைக்குப் பார்த்து ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய வேண்டிய கெடு இருக்கும்.

கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. 2018-ல் வந்த உரிம விதிகளின்படி ஆவணங்களைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் "பழசை அழிச்சிடலாமா?" என்று கேட்க முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாம் அப்படியே இருக்க, இடத்தை மட்டும் மாற்றிப் பங்கு போட வேண்டும்.

விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கிறதே, அதில் எக்ஸ்டெண்ட், ஷ்ரிங்க் இரண்டும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சர்வர் 2008 காலத்திலிருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஒரு பார்ட்டிஷனை விரிக்க வேண்டுமானால் அதன் வலது பக்கத்தில் ஒட்டினாற்போல் காலி இடம் இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு வலது பக்கம்தான் வரும், சி-க்குப் பக்கத்தில் வராது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் நடுவில் இருப்பவர் நகராததால் ஓரத்தில் ஒருவர் பாதி உடம்போடு தொங்கிக்கொண்டு வருவார் இல்லையா, சி டிரைவ் நிலைமை அதுதான். நடுவில் இருப்பவரை நகர்த்தும் வசதி விண்டோஸ் கருவியில் கிடையாது. சுருக்குவதிலும் பேஜ் ஃபைல் மாதிரி நகர்த்த முடியாத கோப்புகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றனவோ அதற்கு மேல் சுருங்காது, பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும்.

இங்கேதான் ஜிபார்ட்டெட் வருகிறது. 2004-லிருந்து இருக்கும் மென்பொருள் இது. லினக்ஸில் ஓடுவது, ஆனால் விண்டோஸ் டிஸ்க்கைத் தொடும். டெபியன் என்ற லினக்ஸ் மேல் கட்டிய லைவ் படமாக (நேரே பூட் ஆகும் இமேஜ் கோப்பாக) கிடைக்கிறது, பென் டிரைவில் எழுதி சர்வரை அதிலிருந்து பூட் செய்தால் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. நம் தொழிலில் பலருடைய பையில் இன்னமும் 0.3 என்று ஆரம்பிக்கும் பழைய பதிப்பு ஒன்று சிடியிலோ பழைய பென் டிரைவிலோ கிடக்கும், "அதுவே நல்லாத்தானே ஓடுது" என்று. ஓடும்தான். ஆனால் மாற்றிவிடுங்கள் என்பதற்குத்தான் இந்த விமர்சனம்.

பதினைந்து வருடம் சுழியத்தில் ஆரம்பிக்கும் எண்களிலேயே ஓட்டிவிட்டு, 2019 மே மாதம்தான் 1.0 என்று எண் போட்டார்கள். பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. அதே திரை, அதே வண்ணப் பட்டை, மேலே அதே பச்சை டிக். உள்ளே, திரையை வரைந்து காட்டும் பகுதி ஜிடிகே3-க்கு மாறியது. வாடிக்கையாளருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதே பதிப்பில் வந்த ஒரு வசதியைப் பலர் கவனிக்கவில்லை: எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை (வேறு பார்ட்டிஷன்களை உள்ளே அடக்கும் வெளிக்கூடு), அதற்குள் இருக்கும் பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கும்போதே அளவு மாற்றலாம். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியலை டிஸ்க்கில் எழுதும் பழைய முறையான எம்பிஆரில் பிரித்த லினக்ஸ் சர்வர்களில், உள்ளே இருக்கும் டேட்டா பார்ட்டிஷனை ஓடும்போதே விரிக்கலாம் என்றாலும், வெளிக்கூடான எக்ஸ்டெண்டட் அசையாமல் நின்று வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது சரியானது.

2021 ஜனவரியில் வந்த 1.2-ல் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) ஆதரவு. இதை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். எம்.சி. ரோட்டுக் கடைகளில் பேக்கப் என்றால் ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் இருக்கும், ஏனென்றால் கணக்குப் பிள்ளை அதையே வீட்டில் மேக்கிலும் டிவியிலும் மாட்டுவார். முன்பெல்லாம் அந்த டிஸ்க்கை ஜிபார்ட்டெட்டில் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்பதோடு சரி. இப்போது புதிதாக ஃபார்மட் செய்யலாம், பெயர் வைக்கலாம், சோதிக்கலாம். அளவு மட்டும் மாற்ற முடியாது.

அதே வருடம் 1.3-ல் லினக்ஸின் லக்ஸ் முறையில் பூட்டிய (என்கிரிப்ட் செய்த) பார்ட்டிஷனை, திறந்த நிலையில் வைத்து அளவு மாற்றும் வசதி வந்தது. என் வட்டாரத்தில் லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டி வைப்பவர்கள் குறைவு, வெளிநாட்டு ஷிப்பிங் லைனுக்கு ஏஜென்டாக இருக்கும் ஓரிரு அலுவலகம்தான், அவர்களும் தலைமை அலுவலகத்தின் வற்புறுத்தலில் செய்வது. ஆனால் அவர்களுக்கு இது பெரிய வசதி. முன்பு கமாண்ட் வரியில் உள்ளே ஃபைல் சிஸ்டம், அதற்கு வெளியே பூட்டு, அதற்கும் வெளியே பார்ட்டிஷன் என்று மூன்று அடுக்கையும் வரிசை தப்பாமல் கையால் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் டேட்டா போயிற்று. இப்போது அந்த வரிசையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. 2022-ல் வந்த 1.4-ல் மவுன்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களுக்கு அப்படியே லேபிள் மாற்றலாம். நல்லது, ஆனால் அதற்காக யாரும் அப்டேட் செய்யப் போவதில்லை.

என் கணக்கில் புதிய படத்துக்கு மாறுவதற்கு முதல் காரணம் இந்த வசதிகள்கூட இல்லை. லைவ் படத்துக்குள் இருந்து வன்பொருளோடு பேசும் லினக்ஸ் கெர்னல்தான். ஜிபார்ட்டெட் தானாக எந்த டிஸ்க்கையும் பார்ப்பதில்லை, கெர்னல் காட்டுவதைத்தான் பார்க்கிறது. புதிய ரெய்டு கார்டோ (பல டிஸ்க்கைச் சேர்த்து நடத்துவது) என்விஎம்இ வகை டிஸ்க்கோ உள்ள சர்வரில் பழைய சிடியைப் போட்டால் திரை வெறுமையாக நிற்கும். உடனே "டிஸ்க் போச்சு சார்" என்று பயமுறுத்தி, புது டிஸ்க்குக்கு கொட்டேஷன் நீட்டும் ஆட்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். டிஸ்க் போகவில்லை, டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

சரி, நிஜ வேலைக்கு வருவோம். சர்வர் 2022-ஐப் புதிதாகப் போட்டால் சி-க்கு வலது பக்கத்தில், டிஸ்க்கின் கடைசியில், விண்டோஸ் பூட் ஆகாவிட்டால் சரிசெய்யும் கருவிகள் உள்ள ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு மெய்நிகர் (விர்ச்சுவல்) சர்வரில் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் புது இடம் ரெக்கவரிக்கு அந்தப் பக்கம் வரும், சி-க்கு எட்டாது. போதாக்குறைக்கு 2024 ஜனவரியில் கேபி5034439 என்ற அப்டேட் வந்தது, ரெக்கவரி சூழலில் இருந்த ஓர் ஓட்டையை அடைப்பதற்கு. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லையென்றால் அது ஏறாது, 80070643 என்ற எண்ணோடு தோற்றுப்போய் நிற்கும். எத்தனை தடவை மறுபடி முயன்றாலும் அதே எண். உலகம் முழுக்க அட்மின்கள் திட்டித் தீர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு, கமாண்ட் வரியில் ரெக்கவரியை நிறுத்தி, சி-யைச் சுருக்கி, பழைய ரெக்கவரியை அழித்து, பெரிதாகப் புதிதாக உருவாக்குவது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் இதைச் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன், ஆனால் ஒரு எண்ணை மாற்றித் தட்டினால் எந்தப் பார்ட்டிஷன் அழியும் என்ற படபடப்போடு செய்ய வேண்டும். ஜிபார்ட்டெட்டில் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

முறை இது. விண்டோஸ் ஓடும்போதே அட்மின் கமாண்ட் வரியில் ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையை டிஸேபிள் (/disable) என்று கொடுத்துவிடுங்கள். ரெக்கவரிப் படம் சி-க்குள் திரும்பிப் போய்விடும். அப்புறம் சர்வரை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். ஹைபர்னேட் ஆன நிலையிலோ சரியாக மூடாமலோ இருக்கும் என்டிஎஃப்எஸ்-ஐ (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) ஜிபார்ட்டெட் தொடாது. பென் டிரைவில் பூட் செய்தால், ரெக்கவரி பார்ட்டிஷன் ஜிபிடி (எம்பிஆருக்குப் பின் வந்த முறை) டிஸ்க்கில் "ஹிடன், டயக்" என்ற குறிகளோடு தெரியும். அதைப் பிடித்து வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள், அந்த அப்டேட்டுக்காக என்றால் அதைச் சற்றுப் பெரிதாக்கியும் விடுங்கள், சி-யை அதுவரை விரியுங்கள், டிக் அழுத்துங்கள். நகர்த்தும்போது அந்தக் குறிகள் கூடவே போகும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால்தான் நீங்கள் கையால் போட வேண்டும். விண்டோஸுக்குத் திரும்பியதும் செக் டிஸ்க் ஓடும், ஓடட்டும், பயப்பட வேண்டாம், என்டிஎஃப்எஸ்-ஐ அளவு மாற்றினால் அப்படித்தான் குறித்து வைப்பார்கள். கடைசியாக அதே கட்டளையை எனேபிள் (/enable) என்று கொடுத்து, இன்ஃபோ (/info) என்று கேட்டு நிலையைப் பார்த்துவிடுங்கள். இந்த முன்னும் பின்னும் செய்யும் இரண்டு கட்டளையை விட்டுவிட்டுத்தான் பலர் "ஜிபார்ட்டெட் ரெக்கவரியைக் கெடுத்துவிட்டது" என்கிறார்கள்.

டி-யிலிருந்து சி-க்கு இடம் கொடுக்கும் வேலை இதைவிட நீளம். டி-யின் தொடக்கத்தையே வலது பக்கம் தள்ள வேண்டும், அதாவது டி-யில் இருக்கும் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து படித்து அதே டிஸ்க்கில் வேறு இடத்தில் எழுத வேண்டும். நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலே ஒரு டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குப் பக்கம், ஒரே டிஸ்க்கில் படித்துக்கொண்டே எழுதுவதால் அதைவிட நேரம் பிடிக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜிபார்ட்டெட் நகர்த்தும்போது டி-யில் எவ்வளவு டேட்டா இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பார்ட்டிஷனின் முழு நீளத்தையும் காலி இடத்தோடு சேர்த்து நகர்த்தும். எனவே டி-யில் 300 ஜிபி டேட்டாவும் பார்ட்டிஷன் 1.8 டிபியாகவும் இருந்தால், முதலில் டி-யை 350 ஜிபிக்குச் சுருக்குங்கள், அப்புறம் நகர்த்துங்கள், கடைசியில் பழையபடி விரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டியது சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடியும். இதை ஏன் மென்பொருளே செய்யக்கூடாது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அடுத்த பதிப்பில் ஒரே ஒரு வசதி கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

இன்னொரு எச்சரிக்கை, இது எம்பிஆர் டிஸ்க் வைத்திருக்கும் பழைய சர்வர்களுக்கு. ஆதரவு 2023 அக்டோபர் 10-ல் முடிந்துபோன சர்வர் 2012 ஆர்2 இன்னும் இந்தத் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒத்துக்கொள்வோம். எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் ஒரு டிரைவை டிஸ்க்கின் கையெழுத்து எண்ணையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. தொடக்கத்தை நகர்த்தினால் டி என்ற எழுத்து இ ஆகவோ எஃப் ஆகவோ மாறிவிடலாம். மாறினால் ஷேர் ஃபோல்டர் எல்லாம் காணாமல் போகும், காலையில் வரும் அத்தனை பேரும் உங்களுக்கு ஃபோன் அடிப்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எழுத்தைத் திரும்ப டி என்று மாற்றி, சர்வர் சர்வீஸை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். சி-யின் தொடக்கத்தை மட்டும் எம்பிஆரில் நகர்த்தவே நகர்த்தாதீர்கள், பூட் ஆகாது, அப்புறம் விண்டோஸ் சிடி போட்டு பூட் விவரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஜிபிடியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இந்த வேலை நடக்கும்போது முதலாளி பின்னால் வந்து நிற்பார். "இன்னாபா, ஒரு கோட்ட இந்தாண்ட தள்றதுக்கா இவ்ளோ நேரம்?" திரையில் பார்த்தால் கோடு தள்ளுவது மாதிரித்தான் இருக்கிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் விவரப் பகுதியைத் திறந்து காட்டிவிடுவேன். ஜிபார்ட்டெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒவ்வொரு வேலைக்குள்ளும் என்ன கட்டளை ஓடுகிறது, என்ன பதில் வந்தது என்று முழுவதும் விரித்துக் காட்டும். என்டிஎஃப்எஸ்-ஐச் சுருக்கும் முன்னால் எதையும் எழுதாமல் ஒரு ஒத்திகை ஓட்டிப் பார்க்கிறது, அது வெற்றி பெற்றால்தான் நிஜமாகச் சுருக்குகிறது. முடிந்ததும் அந்த விவரம் முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமிக்கலாம். நான் அதை பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். என்ன செய்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, பின்னால் யாராவது "நீங்க தொட்டதாலதான்" என்று ஆரம்பித்தால் எடுத்துக் காட்டலாம்.

அப்புறம் ஜிபார்ட்டெட் 'முடியாது' என்று மறுக்கும் இடங்கள். பல விமர்சனங்களில் இதைக் குறையாக எழுதுகிறார்கள், எனக்கு இதுதான் அந்த மென்பொருளின் தகுதி. விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டிய டிரைவைக் காட்டினால் இது பிட்லாக்கர் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான ஆர்இஎஃப்எஸ் என்றால் பெயர் சொல்லும், தொடாது. விண்டோஸின் டைனமிக் டிஸ்க், ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் இரண்டும் அதன் எல்லைக்கு வெளியே. என்டிஎஃப்எஸ்-இல் பிழை இருந்தால் மஞ்சள் முக்கோணம் போட்டு, முதலில் விண்டோஸில் செக் டிஸ்க் ஓட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். எக்ஸ்எஃப்எஸ்-ஐச் சுருக்கச் சொன்னால் முடியாது என்னும், ஏனென்றால் எக்ஸ்எஃப்எஸ் விரியத்தான் செய்யும், சுருங்காது, அது ஜிபார்ட்டெட்டின் குறையில்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்த 2014-லிருந்து அந்தக் குடும்ப சர்வர்களில் எக்ஸ்எஃப்எஸ்-தான் இயல்பாக வருகிறது, அதனால் நிறுவும்போதே சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு இடத்தை அள்ளிக் கொடுத்துவிட்டால் பின்னால் எடுக்க வழியில்லை.

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காத ஒரு மெனுவும் இருக்கிறது. "கிரியேட் பார்ட்டிஷன் டேபிள்" என்பது. எம்பிஆர் டிஸ்க் 2 டிபிக்கு மேல் போகாது என்று கேள்விப்பட்டு, ஜிபிடிக்கு மாற்ற இதை அழுத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மாற்றாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். எச்சரிக்கை காட்டும்தான், ஆனால் எச்சரிக்கையைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? டேட்டா போகாமல் மாற்ற வேண்டுமானால் சர்வர் 2019-லிருந்து விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, பூட் டிஸ்க்குக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லவில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான். வீட்டுப் பதிப்பு சர்வர் விண்டோஸில் ஏறாது, சர்வர் பதிப்புக்குத் தனி விலை, ஒரு சர்வருக்கு, ஒரு வருடத்துக்கு, வாழ்நாளுக்கு என்று விதவிதமாக. ஒவ்வொரு அப்டேட்டிலும் "புதிய தோற்றம், அதிக வேகம், சர்வர் 2025 ஆதரவு" என்று வரும். சர்வர் 2025-லும் என்டிஎஃப்எஸ் அதே என்டிஎஃப்எஸ்தான் என்பதால் அந்த ஆதரவில் பெரிதாக எதுவும் இருக்கிறதா என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் இவற்றுக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு: விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா டிரைவில் பல வேலைகளைச் செய்யும். இருபத்து நான்கு மணி நேரமும் கேட் பாஸ் அடிக்கும் கன்டெய்னர் யார்டில் சர்வரை நிறுத்த முடியாது. அங்கே நான் காசு கொடுத்துத்தான் வாங்கச் சொல்வேன். சி-யைத் தொட வேண்டுமென்றால் அதுவும் ரீபூட் கேட்கத்தான் போகிறது, அது வேறு விஷயம்.

இன்னொன்று, வாங்கும் முன் இலவச முன்னோட்டத்தில் எல்லாம் முடியும் என்று காட்டிவிட்டு, கடைசி பொத்தானில் மட்டும் லைசென்ஸ் கேட்கும் பழக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு, சர்வர் ரூமில், முதலாளி தூங்கப் போன பிறகு இதைச் சந்தித்தவர்களுக்குத் தெரியும்.

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு, அங்கே நிறுத்தாமலே பல வேலை நடக்கும். ஜிபார்ட்டெட்டை சர்வரிலேயே நிறுவிவிட்டால் இஎக்ஸ்டி4-ஐயும் எக்ஸ்எஃப்எஸ்-ஐயும் ஓடும்போதே விரிக்கலாம், பிடிஆர்எஃப்எஸ்-ஐ விரிக்கவும் சுருக்கவும் செய்யலாம். இஎக்ஸ்டி4-ஐச் சுருக்க மட்டும் அதை அன்மவுன்ட் செய்ய வேண்டும். டிஸ்க் இடத்தைப் பங்கு போடும் லினக்ஸ் அடுக்கான எல்விஎம் போட்டிருந்தால் வெளிக்கூட்டை, அதாவது பிசிக்கல் வால்யூமை, அளவு மாற்றித் தரும், உள்ளே இருக்கும் லாஜிக்கல் வால்யூம்களைத் தொடாது. அதற்குக் கமாண்ட் வரிதான். இந்தப் பக்கம் லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கமாண்ட் வரிக்குப் பழகியவர்கள் என்பதால் இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

மெய்நிகர் சர்வருக்கு ஒரு வரி. ஐஎஸ்ஓ-வை அப்படியே மாட்டி பூட் செய்யலாம், பென் டிரைவே தேவையில்லை. ஆனால் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்து உட்கார்ந்தால், ஸ்னாப்ஷாட் இருக்கும்போது விஎம்வேரும் ஹைப்பர்-வியும் டிஸ்க் அளவை மாற்றவே விடாது. முதலில் டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் ஜிபார்ட்டெட்டை ஓட்டுங்கள். வெளியே தனி பேக்கப் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இனி கரன்ட். வேலைகளை வரிசையில் அடுக்கும் வரை ஜிபார்ட்டெட் டிஸ்க்கில் எதுவும் எழுதுவதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் அன்டூ செய்யலாம். டிக் அழுத்தியபின் அன்டூ கிடையாது. நகர்த்தும்போது நீங்களே கேன்சல் செய்தால் செய்ததைத் திருப்பி வைக்கப் பார்க்கும். கரன்ட் போனால் அந்த வாய்ப்பும் இல்லை. பாதி டேட்டா பழைய இடத்தில், பாதி புது இடத்தில் என்று நிற்கும். வெயில் காலத்தில் பழைய வண்ணாரப்பேட்டையின் குறுகிய சந்துகளில் சாயங்காலம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யுபிஎஸ் இருக்கிறது என்பார்கள், பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெரிய நகர்த்தல் என்றால் நான் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வைத்துக்கொள்வேன், அதுவும் யுபிஎஸ்-ஐ ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகு. மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சர்வரைத் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்தவர்கள் உண்டு, யுபிஎஸ் மட்டும் இன்னும் தரையிலேயே இருக்கிறது, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பழைய சர்வரிலிருந்து எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. சர்வர் 2003 காலத்தில் பிரித்த டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். அப்படியே குளோன் செய்தால் எஸ்எஸ்டியின் பிளாக் எல்லையோடு பொருந்தாது, எழுதும் வேகம் குறையும். ஜிபார்ட்டெட் இயல்பாகவே ஒரு மெபிபைட் எல்லையில் சீராக்குகிறது, டேட்டா பார்ட்டிஷனை ஒருமுறை நகர்த்தினாலே சரியாகிவிடும்.

குறைகள் என்று பார்த்தால், தோற்றம் இருபது வருடப் பழசு, ரெக்கவரி விஷயத்தில் வழிகாட்டல் எதுவும் இல்லை, பிழை வந்தால் புதியவருக்குப் புரியாத மொழியில் வரும், திட்டி விசாரிக்க ஒரு கஸ்டமர் கேர் எண் இல்லை. லைவ் படத்தில் டெஸ்ட்டிஸ்க் கூடவே வருவது நல்ல விஷயம், தொலைந்த பார்ட்டிஷனைத் தேட வேறு பென் டிரைவ் போட வேண்டாம்.

படம் அரை ஜிபிக்கு அக்கம்பக்கம்தான். அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடினால் முதலில் வரும் "இலவசப் பார்ட்டிஷன்" விளம்பரங்களிலிருந்து வேண்டாம். செக்சம் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) பார்த்துவிட்டு, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருளில் பென் டிரைவில் எழுதுங்கள். 64 பிட் சர்வர் என்றால் ஏஎம்டி64 படம், இன்டெல் சிபியு ஆனாலும் அதுதான். பர்மா பஜாரில் வாங்கிய பென் டிரைவ் என்றால் எழுதிய பிறகு உங்கள் லேப்டாப்பில் ஒருமுறை பூட் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் வாடிக்கையாளர் இடத்துக்குக் கிளம்புங்கள்.